பொடிக்கு ஒரு பை, கடலைக்கு ஒரு சட்டைப்பை

மும்பை தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் நானும் என் மதினியும் புளியோதரைப் பொடி அரைத்து, மாட்டுங்காவிலும் சயானிலும் உள்ள பலசரக்குக் கடைகளுக்குப் போட்டுவருகிறோம். பொடி எங்கள் மாமியாரின் கைப்பக்குவம் என்பதால் அதில் எங்களுக்குச் சிக்கல் வந்ததில்லை. அதோடு சேர வேண்டிய வறுத்த வேர்க்கடலை, கடலைப்பருப்பு, வற்றல், கறிவேப்பிலை ஆகியவற்றை மொறுமொறுப்புக் குறையாமல் வாடிக்கையாளர் கையில் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்ற கேள்விதான் 2023-ஆம் ஆண்டின் மழைக்காலம் முழுவதையும் தின்றுவிட்டது. கூடுதலாக ஒரு சிறு பை வைத்த பிளாஸ்டிக் உறை ஒன்றை நாங்களே வடிவமைக்க நேர்ந்த கதை இது.

தொடக்கத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துதான் அடைத்தோம். புளிக்கும் உப்புக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. அடைக்கும் நேரத்தில் அறையில் இருந்த காற்றின் ஈரத்தைப் பொடி இழுத்துக்கொண்டது; அந்த ஈரம் மெல்ல மெல்லக் கடலைக்கும் பரவியது. ஜூலை மாதத்து மும்பைக் காற்றில் பத்தே நாளில் கடலை அவித்த கடலையைப் போலத் தொய்ந்துவிட்டது. கடைக்காரர் ஒருவர் ஒரு பொட்டலத்தை எங்கள் கண்முன்னே பிரித்து, ஒரு கடலையை இரு விரல்களுக்கு இடையே நசுக்கிக் காட்டினார். சத்தமே இல்லாமல் அது நசுங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்ததாக, கடலையைச் சிறு பாக்கெட்டில் தனியே அடைத்து, அதைப் பொடிப் பைக்குள் போட்டுப் பார்த்தோம். எல்லோரும் செய்வது இதுதான். ஆனால் உள்ளே கிடக்கும் சிறு பாக்கெட் முழுவதும் பொடி அப்பிக்கொள்வதால், பிரிப்பவர் கையெல்லாம் புளியும் மிளகாயும் ஆகிவிடுகிறது. பொடிக்குள் புதைந்துபோவதால் அது இருக்கிறதா இல்லையா என்பது வெளியே தெரிவதும் இல்லை. அவசரமாக அடைக்கும் நாளில் நூற்றுக்கு நான்கைந்து பைகளில் பாக்கெட் போட மறந்துபோனது. அந்த நான்கைந்து பேரும் தவறாமல் தொலைபேசியில் அழைத்தார்கள்.

மூன்றாவது முயற்சி, நீளமான பை ஒன்றை எடுத்து, அடியில் கடலையைப் போட்டு, நடுவில் குறுக்காக ஒரு சீல் போட்டு, மேற்பாதியில் பொடியை நிரப்புவது. தனிப் பிளாஸ்டிக் தாளும் வேண்டாம், தனிப் பையும் வேண்டாம். பையைச் சூட்டால் ஒட்டவைக்கும் ஹேண்ட் சீலர் கையிலிருந்தாலே போதும். இன்றும் யாராவது என்னிடம் யோசனை கேட்டால் முதலில் இதைச் செய்து பார்க்கத்தான் சொல்வேன். உலர்ந்த பொருளாக இருந்தால் இதற்கு மேல் எதுவுமே தேவைப்படாது. எங்கள் கடலை எண்ணெயில் வறுபட்டது என்பதுதான் தடையாயிற்று. அது கீழே இறங்கும்போது பையின் உட்சுவரில் எண்ணெயைத் தடவிக்கொண்டே போகிறது. எண்ணெய் பட்ட இடத்தில் சீல் போட்டால் பார்ப்பதற்கு ஒட்டியதுபோல இருந்து மறுநாள் பிரிந்துவிடுகிறது. அதோடு, அட்டைப்பெட்டியில் அடுக்கும்போது பை அந்த நடுக்கோட்டில்தான் மடங்குகிறது; மடங்கி மடங்கி அங்கேயே விரிசல் விடுகிறது.

அப்போதுதான் கூரியர் உறைகளின் முதுகில் பில்லைச் சொருகுவதற்கென்று ஒட்டியிருக்கும் கண்ணாடிபோன்ற மேற்பை என் கண்ணில் பட்டது. பொடிப் பையின் முன்சுவரில், சட்டைக்குப் பை தைப்பது போல, பாதி உயரத்துக்கு மூன்றாவது பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சேர்த்துவிட்டால், கடலைக்குத் தனி இடமும் கிடைக்கும். அது இருப்பது வெளியிலிருந்தே தெரியவும் செய்யும்.

வெள்ளைத் தாளையும் செல்லோடேப்பையும் வைத்து அன்றிரவே ஒரு மாதிரி செய்தேன். கடலைக்குப் பதில் கல்லுப்பும் பொடிக்குப் பதில் ரவையும் நிரப்பிப் பார்த்ததில், வரைபடத்தில் தெரியாத ஒன்று தெரிந்தது. பெரிய பையில் ரவை நிறைந்ததும் முன்சுவர் தொப்பைபோல முன்தள்ளி, மேலே ஒட்டியிருக்கும் சிறு பையை இழுத்துப் பிடித்துத் தட்டையாக்கிவிடுகிறது. தட்டையாக இருக்கும்போது 20 கிராம் கொள்ளும் பை, நிறைந்த வயிற்றின்மேல் 12 கிராம்கூடக் கொள்ளவில்லை. ஆகவே அகலத்தை 12 சென்டிமீட்டரிலிருந்து 14-ஆகக் கூட்டினேன். கடலையை முதலில் அடைத்து மூடிவிட்டுப் பிறகுதான் பொடியை நிரப்புவது என்றும் முடிவாயிற்று. அளவு எழுதும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சீலுக்குப் போய்விடுவதால் 14 சென்டிமீட்டர் பையின் உள்ளகலம் 12 மட்டுமே. சிறு பையின் உயரம் 10 என்றால், அடிச்சீல் ஒன்று, வாய்ச்சீல் ஒன்று, விரலால் பிடிக்க விடும் விளிம்பு ஒன்று எனக் கழித்துவிட்டு, கடலைக்கு மிஞ்சுவது 7 சென்டிமீட்டர்தான்.

எந்தப் பிளாஸ்டிக் என்பதை நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல முடியாது. சிறு பைதான் தேர்ந்தெடுத்தது. நொறுக்குத் தீனிக்குப் பயன்படும் பளபளப்பான லேமினேட் உறையில் வெளிப்புறம் பாலியெஸ்டர், உட்புறம் பாலித்தீன். சூட்டில் உருகி ஒட்டுவது உட்புறப் பாலித்தீன் மட்டுமே. நமக்கோ சிறு பை வெளிச்சுவரில் ஒட்டியாக வேண்டும். பாலியெஸ்டரின் மேல் பாலித்தீன் தாளை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் அது உரிந்து வந்துவிடும். எனவே மூன்று தாள்களும் ஒரே பாலித்தீனாக இருக்க வேண்டியதாயிற்று. இதில் ஒரு நட்டம் உண்டு. பாலித்தீன் ஈரத்தை ஓரளவு நன்றாகவே தடுக்கும். காற்றையும் மணத்தையும் அவ்வளவாகத் தடுக்காது. காற்றுப் பட்டால் கடலை எண்ணெய் காறிப்போகும். அதனால் மூன்று மாதம் என்று போட்டிருந்த காலவரையறையை நாங்கள் ஒரு மாதமாகக் குறைத்துக்கொண்டோம். எங்கள் சரக்கு பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் விற்றுவிடுவதால் இது கட்டுப்படியாயிற்று. வெளியூருக்கு அனுப்புகிறவர்களுக்குக் கட்டுப்படியாகாது. பெருங்காய மணம் முன்சுவரைத் தாண்டிக் கடலையில் லேசாக ஏறிவிடுவதும் உண்மைதான். அதைக் குறை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

ஒரே பாலித்தீன் என்றதும் மகிழ்ந்தவர் எங்கள் ஊர்க்கார அண்ணாச்சி ஒருவர். தாராவியின் 13-ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரிக்கும் கொட்டகை வைத்திருக்கிறார். வெள்ளி நிறத்தில் லேமினேட் மாதிரி ஒன்றை முன்பு அவரிடம் காட்டியபோது, "ஏம்மா, இதை எவன் வாங்குவான்? ஒண்ணோடொண்ணு ஒட்டினதைப் பிரிக்க முடியாதுல்லா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். புதிய மாதிரியைக் கையில் வாங்கி ஒருமுறை கசக்கினார். ஓரத்தில் துளி கிழித்துக் கொளுத்தி, மெழுகுவத்தி அணைத்த வாடை வருகிறதா என்று முகர்ந்தார். பிறகு, "இது ஓடும்" என்றார். அவருடைய அந்த ஒரு சொல் எனக்குச் சான்றிதழ் மாதிரி இருந்தது.

உணவுக்கான சான்று அதோடு முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாலித்தீனை உருக்கிப் பையாக ஊதித் தருபவரிடம், மூலப்பொருளான பிளாஸ்டிக் மணி புதிய தானாவா, உருக்கி மறுபடி செய்த தானாவா என்று முதலில் கேட்க வேண்டும். உணவுப் பொருளுக்குப் புதியது மட்டுமே. பிறகு, பாலித்தீன் ஐ.எஸ். 10146 என்ற இந்தியத் தரநிலையின்படி உள்ளது என்பதற்கும், ஐ.எஸ். 9845 முறையில் சோதித்த அறிக்கைக்கும் நகல் கேட்க வேண்டும். பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் எவ்வளவு பொருள் இறங்குகிறது என்பதை அளக்கும் சோதனை அது. வரம்பு சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராம். நகல் தரத் தயங்குகிறவரிடம் வாங்காமல் வருவதே நல்லது. சொந்தமாகச் சோதிக்க விரும்புகிறவர்களுக்கு, 1966-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பேக்கேஜிங் நிறுவனம் நம் அந்தேரி கிழக்கிலேயே இருக்கிறது.

பையைச் செய்து தர, மும்பைக்கு வடக்கே வசை என்ற ஊரில் ஒரு சிறு தொழிற்கூடம் ஒப்புக்கொண்டது. தாதரில் விரார் வண்டியைப் பிடித்து ஐந்து முறை போய்வந்தேன். காலை நேரத்தில் எதிர்த்திசையில் போவதால் உட்கார இடம் கிடைத்தது என்பது மட்டுமே அந்தப் பயணங்களின் சுகம். முதல் மாதிரிகள் பார்வைக்கு அழகாக வந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து, காற்றை அடைத்து வாயை மூடி, வாளித் தண்ணீரில் அமுக்கினேன். சிறு பையின் மேல்விளிம்பு பக்கச்சீலைத் தொடும் இடத்தில், இரண்டு பக்கமும், ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின.

இந்த ஓட்டையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேற்பை வைத்த எந்த உறைக்கும் இதுதான் பலவீனமான இடம். பக்கச்சீலின் மேற்பாதியில் இரண்டு தாள்கள், கீழ்ப்பாதியில் மூன்று தாள்கள். சீல் போடும் இயந்திரத்தின் சூடான தாடை மேலிருந்து அழுத்தும்போது மூன்று தாள் உள்ள மேட்டின்மீது ஏறி நின்றுவிடுகிறது. மேடு முடிந்து இரண்டு தாள் தொடங்கும் அந்த ஒரு மில்லிமீட்டரில் அழுத்தம் விழுவதில்லை. படிக்கட்டின்மேல் பலகை வைத்தால் படியின் மூலையில் இடைவெளி விழுமே, அதே கதை. தொழிற்கூடத்தின் இயந்திரக்காரர், கீழ்த்தாடையில் இருந்த கெட்டியான ரப்பர்ப் பட்டையை எடுத்துவிட்டு மெத்தென்ற சிலிக்கான் ரப்பரைப் போட்டார். சீலின் அகலத்தை 6 மில்லிமீட்டரிலிருந்து 10-ஆகக் கூட்டினார். மூன்றாவது தாளின் தடிமனை 75 மைக்ரானிலிருந்து (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) 50-ஆகக் குறைத்ததில் படியும் தாழ்ந்தது. அதன்பிறகு குமிழி வரவில்லை. வாளி சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை; ஒவ்வொரு மூட்டை வரும்போதும் பத்துப் பைகளை எடுத்து இன்றும் அமுக்கிப் பார்க்கிறோம்.

அடுத்த முடிச்சு எங்கள் கையில்தான் இருந்தது. கடலையைப் போட்ட பிறகு சிறு பையின் வாயை மூடச் சீலரை அமுக்கினால், மூன்றாம் தாளும் முன்சுவரும் ஒட்டுவதோடு நிற்காமல் பின்சுவரும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பொடி போகும் வழியே அடைபட்டுவிடும். மதினிதான் இதற்கு வழி கண்டாள். சீலரின் கம்பிமேல் ஒட்டியிருக்கும் டெஃப்லான் துணியில் பாலித்தீன் ஒட்டுவதில்லை என்பதைக் கவனித்து, அதே துணியில் விறைப்பான பட்டை ஒன்றை வெட்டி, தலையணைக்கு உறை மாட்டுவதுபோலப் பையை அதன்மேல் மாட்டினாள். எங்கள் மேசைச் சீலரில் சூடு ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வருகிறது. தடித்த பைகளுக்கு அது பெரிய குறை. திருப்பிப் போட்டு இரண்டாம் முறை அமுக்க வேண்டும். ஆனால் இங்கே, சிறு பை சூட்டுக் கம்பியைப் பார்த்தபடி இருக்குமாறு வைத்தால், சூடு முன்னிரண்டு தாள்களோடு நின்றுவிடுகிறது. அந்தக் குறையே எங்களுக்கு உதவிற்று. சூட்டுத் திருகியை எத்தனை எண்ணில் வைத்து எவ்வளவு நேரம் அமுக்க வேண்டும் என்பதைச் சீலரின் பக்கத்திலேயே பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறோம். மின்னழுத்தம் இறங்கும் மாலை வேளையில் ஒரு எண் கூட்ட வேண்டும்.

எண்ணெய்த் தொல்லை இங்கே வராமல் இருக்க, குறுகிய வாயுள்ள கரண்டிக்குப் பதில் அகலமான புனலை வாய்க்குள் ஒரு அங்குலம் இறக்கிக் கடலையைக் கொட்டுகிறோம். பொடிக்கும் அதே வழிதான். பாலித்தீன் தாளில் நிலைமின்சாரம் ஏறி நுண்பொடியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். சீல் விழும் இடத்தில் பொடி படிந்தால் அங்கே ஒட்டாது. புனலின் கால் சீல் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். வறுத்த கடலையை நன்றாக ஆறவிட வேண்டும் என்பது சமைப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவசரத்தில் ஒருநாள் சூட்டோடு அடைத்ததில், கண்ணாடிபோன்ற அந்தச் சிறு பைக்குள் வியர்வைபோல நீர்த்துளி கோத்து நின்றது.

முதல் முழு ஆர்டரில் ஏமாந்தேன். விலையைப் பைக்கு இவ்வளவு என்று பேசியிருந்தேன். பாலித்தீன் பையின் எடையைக் கணக்கிடுவது எளிது: அகலம், உயரம் இரண்டையும் சென்டிமீட்டரில் பெருக்கி, தாள் எண்ணிக்கையாலும் மைக்ரானாலும் 0.92 என்ற அடர்த்தியாலும் பெருக்கி, 10,000-ஆல் வகுத்தால் கிராம் வரும். எங்கள் பையின் 14-க்கு 20 அளவுள்ள இரண்டு சுவர்கள், 75 மைக்ரானில், 3.86 கிராம், 14-க்கு 10 அளவுள்ள சிறு பைத் தாள், 50 மைக்ரானில், 0.64 கிராம், ஆக மொத்தம் 4.5 கிராம். நூறு பை 450 கிராம் இருக்க வேண்டும். வந்த மூட்டையில் நூறு பையை எண்ணி வைத்ததும் தராசு 385-இல் நின்றது. சிறு பைத் தாள் சரியாக இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், சுவர் 62 மைக்ரான் அளவில்தான் இருந்திருக்கிறது. முன்பின் பத்து விழுக்காடு எல்லா இயந்திரத்திலும் வரும். இது அதைத் தாண்டிய இளைப்பு. பைக்கு இவ்வளவு என்று பேசினால் இளைத்த தாளில் லாபம் செய்பவருக்கு. கிலோவுக்கு இவ்வளவு என்று பேசினால் அந்த ஆசைக்கே இடமில்லை. கிலோவுக்கு சுமார் 222 பை வர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு அந்தத் தொல்லை ஓய்ந்தது.

வடிவம் சரியானது என்று நாங்கள் நினைத்திருந்த வேளையில் வாடிக்கையாளர்கள் குறை சொல்லத் தொடங்கினார்கள். மாட்டுங்காவில் ஒரு மாமி, பொடியை நான்கு முறை பயன்படுத்தி முடித்துவிட்டுப் பையைக் குப்பையில் போட்டிருக்கிறார், கடலையோடு. "கடலையே இல்லாமல் புளியோதரைப் பொடியா?" என்று கடையில் வந்து கேட்டிருக்கிறார். இன்னொருவர் சிறு பையைக் கத்தியால் குத்திப் பிரித்ததில் முன்சுவரும் கிழிந்து, பாதிப் பொடி கொட்டிப்போயிற்று. மேற்பையை மட்டும் தனியே பிரிக்க வழி செய்யலாமா என்று வசையில் கேட்டேன். பக்கச்சீலில் வெட்டு வைத்தால் மூன்று தாளுமே கிழியும். புள்ளித்துளை போட்டால் ஈரம் உள்ளே வரும். ஜிப் வைத்தால் விலை ஏறும். எனக்கு ஜிப்பே பிடிக்காது. நான்கு நாளில் அதன் பள்ளத்தில் பொடி அடைத்துக்கொண்டு மூடாமல் நிற்பதை எத்தனை பைகளில் பார்த்திருக்கிறோம்!

கடைசியில் பையை விட்டுவிட்டு அளவை மாற்றினோம். 200 கிராம் பொடிக்குப் பதிலாக, இரண்டு ஆழாக்கு அரிசிச் சோற்றுக்குப் போதும்படி 60 கிராம் பொடி, 20 கிராம் கடலை. ஒரு பை ஒரு வேளைக்கு. மேலே வெட்டிப் பொடியை முதலில் சோற்றில் கொட்டிவிடுவார்கள். கடலை கடைசியாகத் தூவுவது. அதற்குள் பெரிய பை காலியாகிவிடுவதால், சிறு பையைக் கத்தரியால் வெட்டினாலும் பல்லால் கடித்தாலும் எதுவும் கெடாது. பெரிய பைக்குக் கரும்பச்சை நிறம் கொடுத்துச் சிறு பைத் தாளை நிறமில்லாமல் விட்டதில், கடலை பளிச்சென்று தெரிகிறது.

செதுக்கிய உலோகச் சிலிண்டர் வைத்து அச்சடிக்கும் அளவுக்கு எங்களிடம் எண்ணிக்கை இல்லை. ஸ்டீரியோ எனப்படும் ஒற்றை நிற ரப்பர் அச்சில் பெயரும், 14 இலக்க உணவு உரிம எண்ணும், பச்சைப் புள்ளியும், நிகர எடையும், வேர்க்கடலை உள்ளது என்ற ஒவ்வாமை எச்சரிக்கையும், பையின் தடிமனும் அச்சாகின்றன. எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டுமே தவிர, மை சீலைத் தொடக்கூடாது. இரண்டாம் ஆர்டரில் அழகுக்காக நான் கேட்ட வெள்ளைக்கோடு ஒன்று, சிறு பையின் வாய்ச்சீல் விழும் இடத்தின் குறுக்கே சரியாக ஓடியது. மையின்மேல் பாலித்தீன் ஒட்டாது என்பதை 400 பைகள் எனக்குக் கற்பித்தன.

கடைக்காரர் ஒருவர், தூக்கிச் செல்ல மேலே கைப்பிடி ஓட்டை ஒன்று போடச் சொன்னார். 2018 மார்ச் 23-ஆம் தேதி மகாராஷ்டிர அரசு பிளாஸ்டிக் தடையை அறிவித்ததிலிருந்து இந்த நகரத்துக் கடைகளில் எந்தப் பையைப் பார்த்தாலும் ஒரு தயக்கம் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மத்திய பிளாஸ்டிக் கழிவு விதிகளின்படி, விற்கும் முன்பே பொருளை உள்ளே வைத்து மூடிய உறை கேரி பேக் ஆகாது. தூக்கிச் செல்லும் வசதியுள்ள பைதான் கேரி பேக். அதற்கு 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் வேண்டும். 75 மைக்ரான் பையில் கைப்பிடியையும் வெட்டி, சோதனைக்கு வருபவரிடம் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எங்களுக்கு நேரமில்லை. ஓட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

வெள்ளைக்கோடு போட்ட அந்த 400 பைகளை அண்ணாச்சியிடம் போட மனம் வரவில்லை. மதினி அவற்றின் மேற்பையை வெட்டி எறிந்துவிட்டு, வீட்டு வற்றலையும் மல்லியையும் அடைத்து வைக்கிறாள்; இன்னும் பாதி தீரவில்லை.